குருதியின் வழியறிந்த மேதை

செருமானிய மருத்துவ மேதை ருடால்பு விர்ச்சோ 1821ஆம் ஆண்டில் பொமரேனியாவில் பிறந்தார். அந்நாளில், இறந்தோரின் நுரையீரல் தமனியிற் காணப்பட்ட குருதிக்கட்டி, ஆங்கேயே அழற்சியால் தோன்றியது என அறிஞர் பலர் கருதினர். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பிணங்களை அறுத்து ஆராயும் பணியிலிருந்த விர்ச்சோ அக்கருத்தை ஏற்றாரல்லர். காலின் சிரையில் உறைந்த குருதி, துண்டாகப் பெயர்ந்து, இதயத்தைக் கடந்து, நுரையீரலைச் சென்று அடைக்கின்றது என்று கண்டார். நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர்த் துண்டுகளை இட்டு, அவை நுரையீரலை அடைந்தமையைக் காட்டி, அவ்வுண்மையை நிறுவினார். அப்பொழுது அவர் 25 வயதை ஒட்டிய இளைஞரே.

1848இல் மேல் சைலீசியாவில் கொள்ளைநோய் பரவிற்று. அரசு அனுப்ப ஆங்குச் சென்ற விர்ச்சோ, வறுமையும் கல்வியின்மையுமே நோயின் வேர் என அஞ்சாது எழுதினார். அவ்வாண்டு எழுந்த மக்கள் கிளர்ச்சியிலும் கலந்துகொண்டார். அதனால் 1849இல் பதவி இழந்தார். எனினும் மனந்தளராது உழைத்தார். 1856இல் பெர்லின் நகரமே அவரைப் பேராசிரியராக மீண்டும் அழைத்துக்கொண்டது.

1902இல் அவர் மறைந்தார். இன்று மருத்துவர்கள் குருதியிலுள்ள பைப்ரினோஜன் முதலிய உறைபொருள்களை அளந்து, மாரடைப்பும் இறப்பும் நேரக்கூடிய இடரை ஆராய்கின்றனர். கண்டதை ஆராய்ந்து, கண்டறிந்ததை அஞ்சாது உரைத்த அப்பெரியாரின் நெறி நாமும் போற்றத்தக்கதன்றோ!