நீதிமன்றத்தில் ஒரு தாய்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் சிப்சி என்றொரு சிற்றூர். அவ்வூர்த் தேவாலயத்தினுள் ஒருநாள் இளம்பெண் ஒருவர் தனியே நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஆர்கன் வாசித்துப் பழகவே அவர் வந்திருந்தார். ஆனால் உள்ளத்தில் ஏதோ ஓர் உந்துதல் எழ, பிரசங்க மேடைமீது ஏறி, ஆளில்லாத இருக்கைகளை நோக்கிப் பேசத் தொடங்கினார். ஒரு பெண் அம்மேடையில் ஏறுவது அக்காலத்தில் எண்ணிப்பார்க்கவும் இயலாத செயல். தம்முள் உறைந்திருந்த சொல்லாற்றலை அவர் முதன்முதலாக உணர்ந்தது அன்றுதான். அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவியாகிய அவரே, பின்னாளில் பாரத மக்கள் அன்னி பெசன்ட் அம்மையார் என்று போற்றிய பெருமாட்டி.

1847-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் ஐரிஷ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர் அன்னி. ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். இருபது வயதில், 1867 டிசம்பரில், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். மணமான புதிதில் அவர் எழுதிய சிறுகதை ஒன்றுக்கு முப்பது ஷில்லிங் கிடைத்தது. தம் கையால் ஈட்டிய முதல் பணம்! ஆயினும் அது சட்டப்படி கணவருக்கே உரியது என்பதைப் பின்னரே அறிந்தார். மனைவியின் ஊதியம் மனைவிக்கே உரியது என்னும் சட்டம் அந்நாட்டில் 1870-இல்தான் வந்தது. பெண்ணின் நிலை குறித்த முதல் பாடம் அவருக்கு இவ்வாறு வாய்த்தது.

இரண்டாவது பாடம் தொட்டிலருகே கிடைத்தது. மகன் டிக்பிக்குப் பின் பிறந்த மகள் மேபல், 1871-இல் கக்குவான் இருமலால் உயிருக்குப் போராடினாள். ஒரு பாவமும் அறியாத குழந்தை ஏன் இப்படித் துடிக்கவேண்டும்? மகள் பிழைத்துக்கொண்டாள், தாயின் நம்பிக்கை பிழைக்கவில்லை. உள்ளம் ஒப்பாத வழிபாட்டில் கலந்துகொள்ள அவர் மறுத்தார். அதன் விளைவாக 1873-இல் கணவரைப் பிரிய நேர்ந்தது. உடன்படிக்கையின்படி மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளரலாயினர்.

1874 ஆகஸ்டில் அவர் நிகழ்த்திய முதல் பொதுச் சொற்பொழிவே பெண்களின் அரசியல் நிலை பற்றியதுதான். நாத்திகராகிய சார்லஸ் பிராட்லாவுடன் இணைந்து பத்திரிகையில் இடையறாது எழுதினார். 1877-இல் இருவரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பழைய நூலொன்றை மறுபதிப்பாக வெளியிட்டு வழக்கில் சிக்கினர். ஏழைத் தாய்மார் ஆண்டுதோறும் பிள்ளை பெற்று நலிவதைத் தடுக்கும் அறிவு அவர்களுக்கு எட்டவேண்டும் என்பதே அன்னியின் நோக்கம். ஆறுமாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது சட்டநுட்பம் ஒன்றால் நீங்கியது. ஆனால் மெய்யான தண்டனை வேறு வழியில் வந்தது. மேபலைத் தம்மிடம் ஒப்படைக்கவேண்டும் என்று கணவர் நீதிமன்றத்தை அணுகினார். அன்னி வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே வாதாடினார். தாய் நாத்திகர் என்பதும், அந்நூலை வெளியிட்டவர் என்பதும் அவருக்கு எதிரான காரணங்களாயின. 1878-இல் நீதிபதி ஜெசல் தீர்ப்பளித்தார். ஏழே வயதான மகள் கதறக் கதற அழைத்துச் செல்லப்பட்டாள். தாய் கடும் காய்ச்சலில் வீழ்ந்தார்.

அதே ஆண்டில்தான், திருமணம் என்பது எவ்வாறு இருந்தது, எவ்வாறு இருக்கிறது, எவ்வாறு இருக்கவேண்டும் என்று ஆராயும் அவருடைய நூல் வெளிவந்தது. மனைவிக்குத் தன் உடைமைமீதும் தான் பெற்ற குழந்தைமீதும் சட்டம் எத்துணைச் சிறிய உரிமை அளித்தது என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. பின்னர், 1888-இல், லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தை எழுதி, ஏறத்தாழ 1,400 பேர் பங்கேற்ற வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். மகனும் மகளும் உரிய வயதடைந்ததும் தாமாகவே தாயை நாடி வந்தனர்.

1889-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பெருநூல் ஒன்று மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. அதைப் படித்து முடித்தவர் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். பழைய தோழர்கள் திகைத்தனர். ஆனால் மேபலின் தொட்டிலருகே எழுந்த கேள்விக்கு, கர்மம், மறுபிறவி என்னும் கொள்கைகளில் அவர் விடை கண்டார். குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தாமே எழுதிய நூலை 1891-இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். அதற்காக அத்தனை விலை கொடுத்தவர் இவ்வளவு எளிதில் கைவிட்டாரே என்ற வருத்தம், அவரை மதிப்பவர்க்கும் எழாமற்போகாது.

1893-இல் சிகாகோ சர்வமத மகாசபையில் கலந்துகொண்டு, அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் தூத்துக்குடியில் இறங்கி, பாரத மண்ணை முதன்முதலாக மிதித்தார். கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். காசியில் 1898-இல் மத்திய இந்துக் கல்லூரியையும், 1904-இல் பெண்களுக்கான பள்ளியையும் நிறுவினார். தொடக்கத்தில் இந்நாட்டுச் சமூக வழக்கங்களைக் குறைகூறத் தயங்கியவர், 1913-இல் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் குழந்தை மணத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

அதே காலத்தில் விதி அவரை மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைத்தது. அடையாறில் வாழ்ந்த நாராயணய்யா, தம் மைந்தர்களான கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தாவையும் 1910-இல் அம்மையாரின் பாதுகாப்பில் எழுத்து மூலம் ஒப்படைத்திருந்தார். பின்னர் மனம் மாறி, 1912-இல் பிள்ளைகளைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தார். அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய். இன்று பிறர் பிள்ளையைத் தர மறுப்பவர். இம்முறையும் அவர் தாமே வாதாடினார். சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; மேல்முறையீடும் தோற்றது. இங்கிலாந்தில் இருந்த அச்சிறுவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பதையும் கருதி, 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. அம்மையார் வென்றார். ஆயினும் அந்தத் தந்தையின் துயரம் எத்தகையது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? தந்தைக்காக வாதாடிய சி.பி. ராமசாமி ஐயர், சில ஆண்டுகளிலேயே ஹோம் ரூல் இயக்கத்தில் அம்மையாரின் தோழரானது மற்றொரு வியப்பு.

1917-இல் மார்கரெட் கசின்ஸ் முதலானோருடன் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தை அமைத்து அதன் தலைவரானார். அவ்வாண்டு ஜூனில் ஆங்கில அரசு அவரைக் காவலில் வைத்தது, செப்டம்பரில் விடுவித்தது, டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணியானார். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது.

1929 ஆகஸ்டில் ஹாலந்து நாட்டின் ஓமன் நகரில், ஏறத்தாழ மூவாயிரம் பேர் முன்னிலையில், தமக்காகவே நிறுவப்பட்ட சங்கத்தைக் கலைப்பதாகக் கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார். நீதிமன்றப்படி ஏறிக் காத்த மகன் விலகிச் செல்வதை, எண்பத்தோரு வயதான அம்மையார் அவையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தடுக்கவில்லை, அவர்மீது கொண்ட அன்பும் குறையவில்லை. 1933 செப்டம்பர் 20-ஆம் நாள் அடையாறில் அம்மையாரின் உயிர் பிரிந்தது.