இயற்கை நூலறிஞர் வாலேஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து நாட்டில் இயற்கை ஆராய்ச்சி பெரும்பாலும் செல்வர்தம் பணியாகவே இருந்தது. உணவிற்கும் உடைக்கும் கவலையின்றி, நூல்கள் நிறைந்த அறையில் அமர்ந்து உயிர்களின் இயல்பை ஆராய்ந்தோர் பலர். பிடித்த பூச்சியை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டே அடுத்த பூச்சியைத் தேடிச் சென்றோர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் ஆல்பிரட் ரசல் வாலேஸ்.

வாலேஸ் 1823 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8 ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியமையால் 14 ஆம் வயதில் பள்ளியை விட்டு நீங்கினார். தமையனாரிடம் நில அளவைத் தொழில் பயின்று, காடும் மேடும் நடந்து திரிந்தார். வழியிற் கண்ட செடிகொடிகளின் பெயரை அறிய வேண்டும் என்னும் அவா அப்பொழுது எழுந்தது. பின்னர் லெஸ்டர் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராய் இருந்தபோது, 1844 ஆம் ஆண்டில், ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்பைப் பெற்றார். பேட்ஸ் வண்டுகளைச் சேர்ப்பவர். ஒரு நகரின் அருகிலேயே இத்துணை வகை வண்டுகள் வாழ்கின்றனவா என்று வாலேஸ் வியந்தார். அவ்வியப்பே அவர்தம் வாழ்க்கையின் போக்கை மாற்றிற்று.

நண்பர் இருவரும் 1848 இல் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்குச் சென்றனர். அங்குப் பிடிக்கும் பறவைகளையும் பூச்சிகளையும் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்பினர். முகவர் ஒருவர் அவற்றை விற்றுப் பணம் அனுப்பினார். வாலேஸ் நான்கு ஆண்டுகள் அங்கு உழைத்தார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட்டை மஞ்சட் காய்ச்சலுக்குப் பலி கொடுத்தார். எஞ்சிய தொகுப்புகளுடன் 1852 இல் கப்பலேறினார். ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள் நடுக்கடலில் அக்கப்பல் தீப்பற்றியது. சில படங்களும் குறிப்புகளும் அடங்கிய சிறிய தகரப் பெட்டியொன்றை மட்டுமே அவரால் எடுக்க முடிந்தது. பத்து நாள் திறந்த படகில் வெயிலில் வாடிய பின்னரே வேறொரு கப்பல் அவர்களைக் கண்டு காத்தது. கரை சேர்ந்தபோது, இனிக் கடலையே நாடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். அவ்வுறுதி இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை!

1854 இல் வாலேஸ் சிங்கப்பூரை அடைந்தார். அது முதல் எட்டு ஆண்டுகள் போர்னியோ, செலிபீஸ், மொலுக்கஸ், நியூகினி முதலிய தீவுகளில் ஏறத்தாழ 14,000 மைல் பயணம் செய்தார். இக்காலத்தில் அவர் சேர்த்தவை 1,25,660 உயிர்ப் பொருள்கள். அவற்றுள் 83,200 வண்டுகள். இவ்வெண்களைப் படிப்பது எளிது; அவற்றின் பின் நின்ற உழைப்பை எண்ணுவது அரிது. விடியலில் காட்டிற்குச் சென்று வேட்டையாடி, பிற்பகலில் குடிசைக்கு மீண்டு, ஒவ்வொரு பறவையின் தோலையும் உரித்து, ஒவ்வொரு பூச்சியையும் ஊசியிற் கோத்து, பெயரும் இடமும் எழுத வேண்டும். எறும்புகளோ அவர் கண்ணெதிரே மேசைமீது ஏறிப் பூச்சிகளை இழுத்துச் செல்லும். இத்தொழிலில் அவருக்கு உற்ற துணையாய் இருந்தவன் அலி என்னும் மலாய் இளைஞன். வாலேஸின் பெயரால் இன்று வழங்கும் அழகிய சொர்க்கப் பறவை ஒன்றை முதலில் சுட்டுக் கொணர்ந்தவன் அவனே.

பூச்சிகளைத் தொகுக்கும்போதே அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தவண்ணம் இருந்தது. பாலித் தீவிற்கும் லோம்போக் தீவிற்கும் இடையே உள்ளது குறுகிய கடல். எனினும் பாலியில் ஆசியப் பறவைகள் வாழ்ந்தன. லோம்போக்கில் ஆஸ்திரேலிய இனத்தைச் சேர்ந்த கொண்டைக் கிளிகள் காணப்பட்டன. தட்பவெப்பம் ஒத்த அண்டை நிலங்களில் உயிர்கள் வேறுபடுவானேன்? ஓர் உயிர்வகை எங்ஙனம் தோன்றியது?

இதே வினாவை இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர் இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தார். வளர்ப்புப் பறவைகளின் தோல்கள் அவருக்குத் தேவைப்பட்டன; வாலேஸ் லோம்போக்கிலிருந்து வாத்தொன்றின் தோலை அனுப்பினார். இருவருக்கும் இடையே கடிதங்கள் செல்லலாயின. கடிதம் ஒன்று கடல் கடந்து சேர மாதக்கணக்கில் ஆகும். இருவர் எண்ணமும் பெரிதும் ஒத்திருப்பதாக 1857 மே மாதத்தில் டார்வின் எழுதினார். ஆயினும் தாம் கண்ட விடை இன்னதென அதில் விளக்கவில்லை.

1858 பிப்ரவரித் திங்களில் மொலுக்கஸ் தீவுகளில் வாலேஸ் காய்ச்சலால் படுத்திருந்தார். குளிரும் வெம்மையும் மாறி மாறி வருத்தின. வேலை செய்ய இயலாத அப்பொழுதில், முன்பு தாம் படித்த மால்தஸின் மக்கட்பெருக்க நூல் நினைவிற்கு வந்தது. நோயும் பஞ்சமும் மக்கள் தொகையைக் கட்டுப்படுத்துகின்றன என்பது அந்நூலின் கருத்து. விலங்குகளுக்கும் இஃது பொருந்துமன்றோ? பிறப்பனவற்றுள் பல மடிகின்றன. மடிவன எவை, பிழைப்பன எவை? உணவு அருகிய காலத்தில் சற்றே நீண்ட கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கி உயர்ந்த கிளைகளை எட்டிப் பிழைக்கும். அதன் வழித்தோன்றல்களும் நீண்ட கழுத்துப் பெறும். தலைமுறைதோறும் இங்ஙனம் நிகழ்ந்தால் புதிய வகையே தோன்றிவிடும். காய்ச்சல் தணிந்ததும் சில மாலைகளில் இதனைக் கட்டுரையாக எழுதினார். டெர்னேட் தீவிலிருந்து செல்லும் அஞ்சலில் டார்வினுக்கே அதனை அனுப்பினார்.

ஜூன் மாதத்தில் அக்கடிதத்தைப் பிரித்த டார்வின் திகைத்தார். தாம் இருபது ஆண்டுகள் காத்து வைத்திருந்த இயற்கைத் தேர்வுக் கொள்கையே அதில் இருந்தது. அதனை மறைத்துவிட்டுத் தம் நூலை விரைந்து வெளியிட்டிருந்தால், தொலைதூரத் தீவில் இருந்தவர் என்ன செய்திருக்க முடியும்? டார்வின் அங்ஙனம் செய்யவில்லை. இழிவாக நடந்துகொண்டார் என்று பிறர் எண்ணுவதைவிடத் தம் நூலை எரித்துவிடுவதே மேல் என்று நண்பர் லயலுக்கு எழுதினார். லயலும் ஹூக்கரும் டார்வினின் பழைய எழுத்துகளையும் வாலேஸின் கட்டுரையையும் ஒருங்கே லின்னேயக் கழகத்தில் 1858 ஜூலை முதல் நாள் படிக்கச் செய்தனர். மூன்று நாள் முன்னர்த் தம் குழந்தையை இழந்த டார்வின் அவைக்கு வரவில்லை. வாலேஸோ நியூகினிக் கரையில் இருந்தார். அவர்தம் இசைவை ஒருவரும் கேட்கவில்லை. டார்வினின் பகுதியே முதலில் படிக்கப்பட்டது. நண்பர்தம் செயலில் இஃது ஒரு குறையே எனலாம்.

அக்டோபரில் செய்தி அறிந்த வாலேஸ் மனம் வருந்தவில்லை. பேரறிஞர்கள் தம் கட்டுரையை மதித்தமை குறித்து மகிழ்ந்து ஹூக்கருக்கு நன்றி எழுதினார்; தாயாருக்கும் பெருமிதத்துடன் தெரிவித்தார். 1859 இல் டார்வினின் பெருநூல் வெளிவந்தது. வாலேஸ் 1869 இல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டம் என்னும் நூலை டார்வினுக்கே உரிமையாக்கினார்.

அவர்கள் எல்லாவற்றிலும் ஒத்தவரல்லர். மனித அறிவின் தோற்றத்தை இயற்கைத் தேர்வு மட்டும் விளக்காது என்று வாலேஸ் எழுதியபோது டார்வின் வருந்தினார். கருத்து வேறுபட்டதேயன்றி நட்பு குன்றவில்லை. நிலையான வருவாயின்றி வாலேஸ் இடருற்றமை அறிந்த டார்வின், அரசிடம் முயன்று 1881 இல் ஆண்டிற்கு 200 பவுன் உதவித்தொகை கிடைக்கச் செய்தார். மறு ஆண்டில் டார்வின் மறைந்தபோது அவர்தம் பெட்டியைத் தாங்கிச் சென்றோருள் வாலேஸும் ஒருவர்.

1889 இல் அக்கொள்கையை விளக்கி வாலேஸ் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார். 1913 நவம்பர் 7 ஆம் நாள், 90 ஆம் வயதில் மறைந்தார். அவர்தம் கடிதங்கள் பல இன்றும் காக்கப்படுகின்றன. டெர்னேட்டிலிருந்து சென்ற அந்த ஒரு கடிதம் மட்டும் கிடைக்கவில்லை.