காற்று நின்றால் கரண்டுக்கு என்ன செய்வது? 1891-லேயே மண்டையைக் குடைந்துகொண்ட டென்மார்க் வாத்தியார்

நாகர்கோவில் ரயிலில் போகும்போது, ஆரல்வாய்மொழி பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் மூன்றே இறக்கைகள்தான். அவ்வளவு பெரிய மெஷினுக்கு மூன்று போதுமா? கூடுதலாக வைத்தால் கூடுதல் கரண்ட் கிடைக்காதா?

இதை ஊகிக்காமல் சோதித்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் பவுல் லா கூர். 1846-ல் டென்மார்க்கில் பிறந்தவர். 26 வயதிலேயே அந்நாட்டு வானிலை நிறுவனத்தின் துணை இயக்குநர். தந்தித் துறையில் கண்டுபிடிப்புகளும் செய்தவர். இன்றைய கணக்கில் 'செட்டில்' ஆன ஆள். ஆனால் 1878-ல் அஸ்கோவ் என்ற கிராமத்துக்குப் போய், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் ஆனார்.

மின்சாரம் நகரத்துக்கு மட்டும் வந்தால் கிராமத்தில் யார் இருப்பார்கள் என்பது அவர் கவலை. டென்மார்க்கில் நிலக்கரிக்கு இறக்குமதியைத்தான் நம்ப வேண்டும். காற்றுக்குப் பஞ்சமில்லை. 1891-ல் அரசு நிதியுடன், பள்ளியிலேயே ஒரு காற்றாலையை டைனமோவோடு இணைத்தார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். காற்றாலை டேட்டாவை கிராஃப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடு இ.சி.ஜி. மாதிரி குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்க, எடையையும் பெல்ட்டையும் வைத்து ஒரு கருவி செய்தார் லா கூர். சரி, காற்றே நின்றுவிட்டால்? மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துத் தொட்டியில் சேர்த்தார். 1895 முதல் 1902 வரை பள்ளியின் விளக்குகள் அந்த வாயுவில்தான் எரிந்தன. ஹைட்ரஜனில் ஆக்ஸிஜன் கலந்து வெடித்து, ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இறக்கைக் கேள்விக்கு வருவோம். 1890களின் பிற்பகுதியில் சிறு மாடல்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார். இறக்கையை முன்னால் மோதும் காற்று தள்ளுவது மட்டுமில்லை, பின்பக்கம் அழுத்தம் குறைந்து இழுக்கவும் செய்கிறது. விமான இறக்கை மாதிரி. நிறைய இறக்கைகள் இருந்தால் மெதுவாக, பலமாகச் சுற்றும். தண்ணீர் இறைக்க அது போதும். டைனமோவுக்கு வேகம் வேணும். அதற்குக் குறைந்த இறக்கைகள், வேகமான சுழற்சி என்பதுதான் அவர் கண்ட விடை.

கிராமத்து இளைஞர்களுக்கு மின்பணிப் பயிற்சியும் கொடுத்தார். 1908-ல், 62 வயதில் இறந்தார். 1904-ல் அவரிடம் பயின்ற யோஹானஸ் யூல், 1957-ல் கெட்சர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலையைக் கட்டினார். மூன்று இறக்கைகள். பின்னாளில் டென்மார்க் டர்பைன்களுக்கு அதுவே முன்மாதிரி. தமிழ்நாட்டின் தொடக்ககாலக் காற்றாலைகளில் சில, டென்மார்க் உதவியோடு வந்தவை.

அந்த ஹைட்ரஜன் யோசனை? 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். வழி அதேதான்: காற்றிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது.