ஜெமினி பாலத்தில் ஏன் குதிரைச் சிலை? ரேஸ் பிரியர் எஸ்.எஸ்.வாசன் உண்மையில் ஜெயித்தது எந்தப் பந்தயத்தில்?

சென்னை அண்ணா சாலையில் 1973-ல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் ஆட்டோக்காரரிடம் ஜெமினி பாலம் என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், திமிறும் குதிரையை ஒரு மனிதர் பிடித்து அடக்குவதுபோல சிலை இருக்கும். தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க அன்றைய திமுக அரசு எடுத்த முடிவின் நினைவாக வைக்கப்பட்ட சிலை அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெமினி என்ற பெயரே ஒரு ரேஸ் குதிரையிடமிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவர் எஸ்.எஸ்.வாசன். ஆனந்த விகடனை வளர்த்தவர், ஜெமினி ஸ்டூடியோவின் முதலாளி, கிண்டி ரேஸ் மைதானத்தில் பரிச்சயமான முகம். யார் இவர்? குதிரை கொடுத்த காசில்தான் பெரிய ஆளானாரா?

அம்மாவின் கைபிடித்து சென்னைக்கு

திருத்துறைப்பூண்டிதான் வாசனின் ஊர். இயற்பெயர் ஸ்ரீனிவாசன். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். மகனைப் படிக்க வைக்க அம்மா சென்னைக்கு அழைத்து வந்தார். வீட்டில் வசதி கிடையாது, பின்னால் நின்று தாங்கவும் ஆள் கிடையாது.

சம்பாதிக்க அவர் எடுத்துக்கொண்ட வேலை விளம்பரம். கம்பெனிகளிடம் விளம்பரம் வாங்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பார். தபால் மூலம் பொருள் விற்கும் வியாபாரமும் செய்தார். எந்த வார்த்தையைப் போட்டால் மக்கள் காசு எடுப்பார்கள் என்பதை அந்த வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது. பின்னால் அவர் தொட்ட எல்லாவற்றிலும் இந்தப் பாடம்தான் கைகொடுத்தது.

எட்டு எழுத்து, 200 ரூபாய்

1926-ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய பத்திரிகை ஆனந்த விகடன். அதற்கும் வாசன் விளம்பரம் பிடித்துக் கொடுத்து வந்தார். பத்திரிகை தள்ளாடி நின்றுபோகும் நிலைக்கு வந்தபோது, 1928-ல் அவரே அதை விலைக்கு வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று பேரம் முடிந்ததாக ஒரு கதை உண்டு.

நொடித்துப்போன பத்திரிகையை எதற்காக ஒருவர் வாங்க வேண்டும்? வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் சூதாட்டம் போலத்தான் தெரியும். ஆனால் வாசனுக்கு அந்தப் பத்திரிகையின் உள்ளும் புறமும் தெரியும். அதில் என்ன குறை, யார் படிப்பார்கள், எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. நகைச்சுவை, கார்ட்டூன், தொடர்கதை என்று பத்திரிகையை மாற்றினார். கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி போன்ற எழுத்தாளரைக் கொண்டுவந்தார். விகடன் வீட்டுக்கு வீடு போனது.

குறுக்கெழுத்துப் போட்டியும் சூதா?

1930-களில் விகடன் பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டிகள் நடத்தியது. வாசகர்கள் கட்டத்தை நிரப்பி அனுப்பினார்கள், விற்பனையும் கூடியது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க பல பத்திரிகைகளில் இந்தப் போட்டி மோகம் இருந்தது.

அறிவுக்குக் கிடைக்கும் பரிசா, இல்லை அதிர்ஷ்டத்துக்குக் கிடைக்கும் பரிசா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. 1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிகளுக்கென தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது சட்டம். 1957-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. திறமையால் ஜெயிப்பது வேறு, குருட்டு அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பது வேறு என்று அந்தத் தீர்ப்பு கோடு போட்டது. இன்று ஆன்லைன் ரம்மி வழக்கு வரை வக்கீல்கள் வாதாடுவது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

கிண்டியும் 'ஜெமினி ஸ்டார்' குதிரையும்

வாசனுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் அவ்வளவு பிடிக்கும். பந்தயம் கட்டுவதோடு நிற்கவில்லை, சொந்தமாக ரேஸ் குதிரைகளும் வைத்திருந்தார். அன்றைய சென்னையில் கிண்டி ரேஸ் என்பது பணக்காரர்கள், சினிமாக்காரர்கள், வக்கீல்கள் எல்லோரும் கூடும் இடம். டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் நிற்பார்கள்.

இதற்கிடையே விகடனில் வந்த வாசனின் கதை 'சதி லீலாவதி' 1936-ல் சினிமாவானது. எம்.ஜி.ஆர் அறிமுகமான படம் அதுதான். குடியால் ஒரு குடும்பம் சீரழிவதைச் சொன்ன கதை. அதன்பின் வாசன் பட விநியோகத்தில் இறங்கினார். எந்த ஊரில் எந்தப் படம் ஓடுகிறது, தியேட்டரில் எவ்வளவு வசூல் என்ற கணக்கு அவர் கைக்கு வந்தது.

அப்போதுதான் இயக்குநர் கே.சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீ விபத்தில் சிக்கி ஏலத்துக்கு வந்தது. சுமார் 86 ஆயிரம் ரூபாய்க்கு வாசன் அதை எடுத்தார். 1940-ல் ஜெமினி ஸ்டூடியோஸ் பிறந்தது. ரேஸில் அவருக்குப் பணம் ஜெயித்துக் கொடுத்த ஜெமினி ஸ்டார் என்ற குதிரையின் நினைவாக அந்தப் பெயர் வைத்தார் என்பது கோடம்பாக்கத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை.

கேட்கும்போது சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஒரு குதிரை ஜெயித்தது, ஒரு சாம்ராஜ்யம் உருவானது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வாசனுக்குக் குதிரை கொடுத்தது பெயர் மட்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று புரிய பந்தயக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பந்தயத்தில் எப்போதும் லாபம் யாருக்கு?

ரேஸ் மைதானத்தில் பந்தயம் கட்ட ரெண்டு வழி. ஒன்று 'டோட்'. எல்லோரும் கட்டிய பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, வரியும் கமிஷனும் எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதாவது பந்தயம் தொடங்கும் முன்பே மொத்தப் பணத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இன்னொரு வழி 'புக்கி'. உதாரணத்துக்கு, சமபலம் உள்ள ரெண்டு டீம் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இந்த டீமுக்கு 100 ரூபாய், இன்னொருவர் அந்த டீமுக்கு 100 ரூபாய் கட்டுகிறார். ஜெயித்தவருக்கு புக்கி 190 ரூபாய்தான் தருவார். எந்த டீம் ஜெயித்தாலும் 10 ரூபாய் அவருக்கு. இதே ரெண்டு பேர் மாறி மாறி விளையாடிக்கொண்டே இருந்தால், ஒருநாள் ரெண்டு பேர் பாக்கெட்டும் காலி, புக்கி பாக்கெட் மட்டும் நிரம்பியிருக்கும்.

லாஸ் வேகாஸின் கேசினோ ரிசார்ட்டுகளில் இதற்கென்றே பெரிய ஹால் உண்டு. சுவர் முழுக்க டிவி, சோபா, கவுன்ட்டர். அதற்கு 'ஸ்போர்ட்ஸ் புக்' என்று பெயர். பளபளப்பு வேறு, அடியில் இருக்கும் கணக்கு கிண்டியில் இருந்த அதே கணக்குதான்.

'சந்திரலேகா': 30 லட்சம் ரூபாய் துணிச்சல்

வாசன் வாழ்க்கையில் கட்டிய மிகப் பெரிய பந்தயம் கிண்டியில் நடக்கவில்லை. அது 'சந்திரலேகா'. பல வருடங்கள் இழுத்த படப்பிடிப்பு. முதலில் இயக்கியவர் நடுவில் விலக, வாசனே இயக்குநர் ஆனார். டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் நடிப்பு. சர்க்கஸ் காட்சிகள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் முரசு நடனம் என செலவு 30 லட்சம் ரூபாயைத் தொட்டதாகச் சொல்வார்கள். அதே காலத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் திட்டம் போட்டு, வேகமாக, அடுத்தடுத்துப் படங்களை முடித்துக்கொண்டிருந்தார். வாசனோ சொத்தை அடமானம் வைத்து, கடன் வாங்கி ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

1948 ஏப்ரல் 9-ம் தேதி படம் வந்தது. கூட்டம் வந்தது, ஆனால் போட்ட காசை எடுக்க தமிழ்நாட்டு மார்க்கெட் மட்டும் போதவில்லை. சூதாடி என்றால் இந்த இடத்தில் அடுத்த குதிரையைத் தேடியிருப்பார். வாசன் செய்தது வேறு. எங்கே குறைகிறது என்று பார்த்தார். ஹிந்தி பேசும் மக்களுக்கு ஏற்றபடி படத்தை மாற்றி, அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். 600-க்கும் மேற்பட்ட பிரின்ட்டுகள், நாடு முழுக்க பிரம்மாண்ட விளம்பரம். படம் வட இந்தியாவில் வசூலைக் குவித்தது. சென்னையில் எடுத்த படம் இந்தியா முழுக்க ஓட முடியும் என்று காட்டியது சந்திரலேகாதான்.

கிண்டியில் கொடி அசைந்த பிறகு, பணம் கட்டியவர் கையில் எதுவும் இல்லை. குதிரை ஓடும், அவர் கத்தலாம், அவ்வளவுதான். சந்திரலேகா தடுமாறியபோது வாசனால் கதையை மாற்ற முடிந்தது, மொழியை மாற்ற முடிந்தது, புது ஊர்களுக்குப் போக முடிந்தது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதன்பிறகு 'ஔவையார்', 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' என வரிசையாகப் படங்கள். 1964-ல் மாநிலங்களவை உறுப்பினர். 1969-ல் பத்மபூஷண். அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ம் தேதி வாசன் காலமானார்.

வாசனுக்குப் பிறகு ரேஸுக்கு என்ன ஆச்சு?

1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கூலித் தொழிலாளிகளின் சம்பளம் கிண்டியில் கரைகிறது என்பதுதான் கவலை. ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பு சொன்னது. சிலை நின்றது, ரேஸும் நடந்தது. கடைசியில் 2024 செப்டம்பரில், குத்தகை விவகாரத்தில் 160 ஏக்கர் கிண்டி மைதானத்துக்குத் தமிழக அரசு சீல் வைத்தது.

பனமரத்துப்பட்டிக்கே வந்த பந்தயம்

வாசன் காலத்தில் பந்தயம் கட்ட கிண்டிக்குப் போக வேண்டும். சேலம் பக்கத்து பனமரத்துப்பட்டியிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கும் மேல். அரளித் தோட்டத்தில் பூப்பறித்துக் கூலி வாங்குபவருக்கு அந்தத் தூரமே ஒரு பாதுகாப்பு. ஆசை வந்தாலும் பஸ் காசு யோசிக்க வைத்துவிடும்.

ஸ்மார்ட்போன் அந்தத் தூரத்தை அழித்துவிட்டது. ஒரு ஐபிஎல் ஓவருக்குள் பந்தயம் கட்டி, தோற்று, விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டிவிட முடிகிறது. இதைத் தடுக்கத்தான் தமிழக அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. ஆனாலும் வெளிநாட்டு ஆப்களும், வாட்ஸ்அப், டெலிகிராம் லிங்க்குகளும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படி லிங்க் அனுப்புகிறவர்கள் கூடவே ஜெயித்தவர் கதை ஒன்றையும் அனுப்புவார்கள். ஜெமினி ஸ்டார் மாதிரி கதைகள்தான். வாசன் ரேஸில் ஜெயித்தது பலருக்குத் தெரியும், எத்தனை முறை தோற்றார் என்ற கணக்கு எந்தக் கதையிலும் இல்லை. அவரைக் காப்பாற்ற விகடன் இருந்தது, ஸ்டூடியோ இருந்தது. தினக்கூலியை மட்டும் நம்பி இருப்பவர் போனில் பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியது அதைத்தான்.