பீரோ ஏன் முதல் தள்ளலில் நகர மறுக்குது? உராய்வை அளந்த கூலூமின் கதை

பன்னிரண்டாம் வகுப்பில் மின்னூட்டத்தின் அலகாக நாம் மனப்பாடம் பண்ண பெயர் கூலூம். ஆனால் அந்த மனிதர் முதலில் பெயர் வாங்கியது மின்சாரத்தில் இல்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது என்ன நடக்குது என்ற கேள்வியில்.

யார் இவர்?

சார்லஸ் அகஸ்டின் டி கூலூம் 1736-ல் பிரான்ஸின் அங்குலேம் நகரில் பிறந்தார். ராணுவப் பொறியாளர். 1764-ல் கரீபியனில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கோட்டை கட்ட அனுப்பப்பட்டார். எட்டு ஆண்டு வேலை; திரும்பும்போது உடல்நலம் கெட்டிருந்தது. ஆனால் மண், கல், சுவர் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்ற அனுபவம் கையில் இருந்தது. 1773-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக பாரிஸ் அறிவியல் அகாடமியில் சமர்ப்பித்தார்.

நியூட்டன் விட்ட இடம்

நியூட்டனின் விதிகள் 1687-லேயே வந்துவிட்டன. நீங்க பெட்டியைத் தள்ளினால் பெட்டியும் அதே அளவு விசையில் உங்களைத் தள்ளும். சரி, தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் உராய்வு எவ்வளவு? அதை அந்த விதிகள் மட்டும் சொல்லாது, அளந்துதான் பார்க்கணும். 1699-ல் அமோன்டன்ஸ் தொடங்கியதை, ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் மரம், இரும்பு, கயிறு என்று மாற்றி மாற்றிச் சோதித்து விரிவாக்கினார் கூலூம். 1781-ல் அகாடமியின் பரிசு கிடைத்தது.

அவர் கண்டது என்ன?

- பளு கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும்.
- தொடும் பரப்பு பெரிசா சிறிசா என்பது பெரும்பாலும் பொருட்டில்லை.
- நிற்கும் பொருளை அசைக்கத்தான் அதிக விசை தேவை. நகர ஆரம்பித்தால் உராய்வு குறையும், வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது.

ஒரு கணக்கு

20 கிலோ பெட்டி. எடை சுமார் 200 நியூட்டன். தரையும் அதே 200 நியூட்டனில் அதை மேலே தாங்குது. நிலை உராய்வுக் கெழு 0.5 என்றால் வரம்பு 100 நியூட்டன். 60 நியூட்டனில் தள்ளினால் உராய்வும் 60-தான், பெட்டி அசையாது. 110-ல் தள்ளினால் நகரும். இயக்க உராய்வுக் கெழு 0.4 என்றால் உராய்வு 80-க்கு இறங்கும். மிச்சம் 30 நியூட்டன், முடுக்கம் 1.5 மீ/வி².

உண்மைக்குக் கொடுத்த விலை

1783-ல் பிரிட்டனி பகுதியின் நீர்வழித் திட்டத்தை ஆராய்ந்து பாதகமான அறிக்கை கொடுத்தார். விளைவு, ஒரு வாரம் சிறை. ஆனாலும் வேலையை விடவில்லை. 1785-ல் முறுக்குத் தராசை வைத்து மின்விசை விதியை நிறுவினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸை விட்டு ஒதுங்கியிருந்து, பிறகு திரும்பி, 1806-ல் அங்கேயே இறந்தார்.

இன்னைக்கு நமக்கென்ன?

பிரேக்கை அழுத்தி சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் சறுக்கும். உராய்வு குறையும், பிடிமானம் போகும். ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, சக்கரத்தைச் சுழல வைக்குது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் 2019 முதல் அது கட்டாயம். அதன் அடிப்படை, கூலூம் அளந்த அதே வித்தியாசம்தான்.