புயலை முன்னறிந்த பெனிட்டோ வின்யேஸ்

கரீபியக் கடல் தீவுகளில் வாழ்வோருக்குப் புயல் புதிதன்று. அது என்று வரும், எங்குக் கரை கடக்கும் என்பதே அறிதற்கரியதாய் இருந்தது. வானொலியும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில் அதற்கு விடைதேட முனைந்தவர் பெனிட்டோ வின்யேஸ்.

1837ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில் பிறந்த இவர், இயேசு சபைத் துறவியானார். 1870இல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில், பெலேன் கல்லூரி வானிலை ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே மத்தான்சாஸ் நகரைப் புயலும் வெள்ளமும் சூறையாடின. அதுமுதல் புயலாய்வே அவர்தம் வாழ்வாயிற்று. நாள்தோறும் பலமுறை காற்றழுத்தத்தைக் குறித்தார். பழைய பதிவேடுகளையும் ஆராய்ந்தார்.

அவர் கருத்து மிகுதியும் பதிந்தது வானத்தில்தான். புயல் நெடுந்தொலைவில் இருக்கும்போதே உயர்வானில் வெண்ணிறக் கீற்று முகில்கள் விசிறிபோல் விரியும். அவை எப்புள்ளியிலிருந்து விரிகின்றன என்று நோக்கி, புயலின் மையம் இருக்கும் திசையை மதிப்பிட்டார். அது செல்லும் பாதையோ மாதத்திற்கு மாதம் வேறுபடுவது. ஆகஸ்டுப் புயல்கள் 30 பாகை வட அட்சத்தைக் கடந்தே வடகிழக்காகத் திரும்பும். அக்டோபர்ப் புயல்கள் 20 பாகைக்குச் சற்று வடக்கே, கியூபாவை ஒட்டியே திரும்பிவிடும் எனக் கண்டார். இவையும் பொதுப்போக்கே, எல்லாப் புயல்களும் இவ்வழியே செல்வதில்லை.

அவர் சுமந்த பொறுப்பின் அருமை இங்குதான் விளங்கும். அறிவித்த புயல் விலகிச் சென்றால் கலங்கள் துறைமுகத்தில் வீணே முடங்கும். கரையோர மக்கள் வீட்டையும் உடைமையையும் விட்டு அலைவர். அடுத்த எச்சரிக்கையை ஒருவரும் மதியார். ஐயம் முற்றும் நீங்கட்டும் எனக் காத்திருந்தாலோ, மேட்டுநிலம் சேரவும் நேரம் இராது.

1875 செப்டம்பர் 11ஆம் நாள், வின்யேஸின் முதல் புயல் எச்சரிக்கை ஹவானா நாளேடுகளில் வெளிவந்தது. இரண்டே நாளில் தென்கரையைப் புயல் தாக்கியது. எச்சரிக்கையால் உயிர் பிழைத்தோர் பலர். மறு ஆண்டு புவெர்ட்டோ ரிக்கோ தீவு சிதைந்தபோது, நேரிற் சென்று அழிவின் தடங்களை ஆராய்ந்தார்.

ஹவானாவின் வானம் ஒன்றே போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வணிகர்களின் பொருளுதவியோடு டிரினிடாட், பார்படோஸ், மார்டினிக், ஆன்டிகுவா, ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து தந்திவழிச் செய்தி பெற ஏற்பாடு செய்தார். கிழக்குத் தீவொன்றில் காற்றழுத்தம் சரிந்த செய்தி, மேற்கே வாழ்வோர்க்கு உயிர்காக்கும் கால அவகாசமாயிற்று.

சிகாகோ வானிலை மாநாட்டிற்கான ஆய்வுரையை எழுதி முடித்த சில நாள்களில், 1893 ஜூலை 23 அன்று வின்யேஸ் மறைந்தார். அவர்தம் பணியைப் பெலேன் ஆய்வகத்தார் தொடர்ந்தனர். எனினும் பின்னர் கியூபா ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குள் வந்தது. கியூபர்களின் புயல் தந்திகளுக்கு 1900இல் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கியூபாவைக் கடந்த புயலொன்று ஃபுளோரிடா நோக்கித் திரும்பும் என அமெரிக்க வானிலைத் துறை கருதியது. மெக்சிகோ வளைகுடாவில் மேற்கே செல்லும் என ஹவானா ஆய்வாளர் கணித்தனர். செப்டம்பர் 8 அன்று அப்புயல் டெக்சாஸ் கரையிலுள்ள கால்வஸ்டன் தீவை மூழ்கடித்தது. அந்நகர மக்களுள் பெரும்பாலோர் தீவைவிட்டு வெளியேறியிருக்கவில்லை. 6000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.