முன்சீப் கேட்ட கேள்வி

1880-ம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தமிழ் ஆசிரியருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று எத்தனையோ நூல்களைக் கற்றவர்.

அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் ஒரு கேள்வி கேட்டார். சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்று.

ஆசிரியர் திகைத்தார். படித்ததே இல்லை!

முதலியார் கொடுத்த பிரதியைப் பிரித்தார். சொற்கள் தெரிந்தன, பொருள் பிடிபடவில்லை. எல்லாம் படித்துவிட்டோம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

சமணர் வீட்டில்

சிந்தாமணி சமண காவியம். சமணர்களுக்குத் தெரிந்த செய்திகளைக் கவிஞர் விரித்துச் சொல்லாமல் குறிப்பாகவே சொல்லியிருந்தார். ஆசிரியரோ சைவ நூல்களில் ஊறியவர். வெட்கப்படாமல் உள்ளூர்ச் சமணர்களின் வீடு தேடிப் போனார், சந்தேகம் கேட்டார். அவர்களுடைய வழக்கங்கள் தெரியத் தெரிய, பாட்டில் சொல்லாமல் விட்டதும் விளங்கியது.

இன்னொரு புதிர்! உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வேறு நூல்களின் அடிகளைப் பெயர் சொல்லாமலே காட்டியிருந்தார். எந்த நூல்? பழைய ஏடுகளைப் புரட்டினார். பத்துப்பாட்டில் அந்த அடிகள் கிடைத்தன. முடிச்சு அவிழ்ந்தது.

1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு வந்தது.

அந்த ஆசிரியர்தாம் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர். 1942-ல் மறைந்தார். தெரியாததைத் தெரியாது என்று அவர் அன்று ஒப்புக்கொண்டார். தமிழுக்குப் புதையல் கிடைத்தது!